தட்டில் சாகிற கிருமியும் ஐந்து சொட்டு ஓம எண்ணெயும்

வாசகர் கேள்வி – பதில்

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ செய்த வேலை. ஒரு தட்டில் கிருமி வளர்த்து, நடுவில் ஓம எண்ணெய் நனைத்த வட்டத்தாளை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கிருமி இல்லாமல் சுத்தமாக ஒரு வளையம். பக்கத்துத் தட்டில் ஆன்டிபயாடிக் வில்லை. அதன் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கிறது. பின்னணியில் வீர இசை வேறு. இதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களையெல்லாம் ஆசிரியர் குழு மொத்தமாகக் கட்டி என்னிடம் தள்ளிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் மைக்ரோபயாலஜி லேபில் ஓய்வு பெறும்வரை கல்ச்சர் தட்டு பார்த்தே காலம் தள்ளியவள் என்பதால் இது என் தலையில் விடிந்திருக்கிறது. சரி, ஆரம்பிப்போம்.

என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. யூரின் கல்ச்சரில் ‘ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. ஒரு வாரம் ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். வீடியோவில் சொன்னபடி ஓம எண்ணெய் ஐந்து சொட்டு வெந்நீரில் விட்டுக் கொடுத்தால் ஊசியைத் தவிர்க்கலாமா? இயற்கைதானே?
– வாசகி, பெரம்பூர்

தவிர்க்கக் கூடாது அம்மா. இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் ஊசி ஆரம்பித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். குளிர் நடுக்கம் வந்துவிட்டால் தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கவில்லை, சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். (காய்ச்சல், எரிச்சல் எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்திருந்தால் அது வேறு கதை. வயதான பெண்கள் பலருக்கு அதற்கு மருந்தே தேவைப்படாது. உங்கள் மாமியார் விஷயம் அப்படி இல்லை.)

இனி வீடியோவுக்கு வருவோம். அது பொய் இல்லை. ஓம எண்ணெயில் பாதி அளவுக்குத் தைமால் என்ற பொருள் இருக்கிறது. ஓமத்தைக் கையில் கசக்கினால் சுள்ளென்று மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனையே அதுதான். பாக்டீரியாவைச் சுற்றி இருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வில் தைமால் புகுந்து ஓட்டை போடும். உள்ளே இருக்கும் பொட்டாசியமும் மற்றதும் கசிந்து வெளியேறும், கிருமி சாகும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியும் சாகும். ஏனென்றால் ஈ.எஸ்.பி.எல். கிருமியின் பலம் செஃபலோஸ்போரின் மாதிரி மருந்துகளைக் கத்தரிக்கும் ஒரு என்சைமில் இருக்கிறது. தைமாலை அந்த என்சைம் ஒன்றும் செய்யாது.

ஆக, எண்ணெய்க்குக் கொல்லும் திறன் இருக்கிறது. அது கொல்ல வேண்டிய இடத்துக்கு, கொல்லும் அளவில் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஈ.கோலையை அடக்க ஒரு மில்லியில் ஏறக்குறைய 200 மைக்ரோகிராம் தைமால் வேண்டும், சில சமயம் அதற்கும் மேல். உங்கள் ரிப்போர்ட்டில் ‘மெரோபெனம் – எஸ்’ என்று இருக்கும், பாருங்கள். மெரோபெனம் இந்த மாதிரிக் கிருமிக்குப் போடும் ஊசி மருந்து, ‘எஸ்’ என்றால் கிருமி அதற்கு அடங்கும். ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ போதும் என்றால்தான் அந்த ‘எஸ்’ போடுவோம். ஒரு கிராம் மெரோபெனத்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் ரத்தத்தில் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் வரை ஏறும். தேவை 1, கிடைப்பது 50. அதனால்தான் அந்த ஊசி வேலை செய்கிறது.

ஐந்து சொட்டு ஓம எண்ணெய் கால் மில்லி. அதில் தைமால் சுமார் 100 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் கிட்டத்தட்ட 30 லிட்டர் நீர் இருக்கிறது. அத்தனை தைமாலும் அப்படியே அந்த நீரில் கலந்தாலும் மில்லிக்கு 3 மைக்ரோகிராம் சொச்சம்தான் தேறும். தேவையோ 200. சரி, அறுபது மடங்கு குடித்துவிடலாமே என்று கேட்காதீர்கள். அந்த அளவு தைமால் கிருமிக்கு முன்னால் குடித்தவரின் குடலையும் கல்லீரலையும் பதம் பார்த்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வீடியோக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. குடலிலிருந்து ஏறும் தைமாலைக் கல்லீரல் சும்மா விடாது. அதன் மேல் சல்ஃபேட்டையோ குளுகுரோனிக் அமிலத்தையோ ஒட்டி, சிறுநீருக்கு அனுப்பிவிடும். 2002இல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிய அளவு தைமால் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்திலும் சரி, சிறுநீரிலும் சரி, தனித் தைமால் அகப்படவே இல்லை. சல்ஃபேட் ஒட்டியது போன்ற மாறிய வடிவங்கள்தான் கிடைத்தன. தைமாலின் மூலக்கூறில் எந்த முனை கிருமியின் சவ்வைக் குலைக்க உதவுகிறதோ, சரியாக அந்த முனையில்தான் கல்லீரல் இதை ஒட்டுகிறது. சிறுநீருக்கு வந்து சேரும்போது அது பல் பிடுங்கிய பாம்பு.

உங்கள் மாமியாருக்கு அஜீரணம் என்றால் ஓம வாட்டர் தாராளமாகக் கொடுங்கள். ஊசியும் போகட்டும். நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும்.

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். என் பிராஜெக்டில் கிராம்பு எண்ணெய்க்கு 22 மில்லிமீட்டர் வளையம் வந்தது. அதே கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசினுக்கு வளையமே இல்லை. கிராம்பு எண்ணெய்தான் சிறந்தது என்று எழுதலாமா?
– மாணவர், கிண்டி

எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள் தம்பி.

சிப்ரோ வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். நீங்கள் தாளில் விட்ட எண்ணெய் 10 மைக்ரோலிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 10,000 மைக்ரோகிராமுக்கு மேல். இரண்டு வளையத்தையும் ஒரே ஸ்கேலில் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதே முதல் தப்பு. இரண்டாவது, தட்டில் கிருமி வளர்க்க ஊற்றும் ஜெல்லியான அகார் பெரும்பாலும் தண்ணீர். ரசத்தின் மேல் மிதக்கிற நெய் மாதிரி எண்ணெய் அதில் இறங்காமல் நிற்கும், அல்லது ஆவியாகிப் போகும். அதனால் நல்ல எண்ணெய்க்குச் சின்ன வளையமும் சுமாரான எண்ணெய்க்குப் பெரிய வளையமும் வரலாம்.

ஆவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாளைத் தட்டின் மூடியில் ஒட்டிவைத்து, அகாரைத் தொடவே விடாமல் இன்குபேட்டரில் வைத்துப் பாருங்கள். அப்போதும் வளையம் வரும். ஆவியே கொல்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இன்குபேட்டரில் எண்ணெய்த் தட்டையும் மற்றவர் தட்டையும் அடுக்கி வைத்தால் அடுத்தவர் ரிசல்ட்டும் கெடும். எங்கள் லேபில் ஒரு பயிற்சி மாணவி எண்ணெய் வேலை செய்த நாட்களில் இன்குபேட்டரைத் திறந்தால் பிரியாணி மசாலா வாசனை அடிக்கும். அவர் தட்டுகளுக்குத் தனி டப்பா வாங்கிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் அமைதியானார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. டுவீன் 80 மாதிரி ஒன்றைச் சேர்த்து எண்ணெயைத் திரவத்தில் கலக்கி, பிராத் டைல்யூஷனில், அதாவது திரவத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, எம்.ஐ.சி. (கிருமியை அடக்கும் மிகக் குறைந்த அளவு) பாருங்கள். டுவீனை மட்டும் விட்ட ஒரு கன்ட்ரோல் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஏ.டி.சி.சி. எண் கொண்ட தரக் கிருமிகளான 25922 ஈ.கோலை, 29213 ஸ்டேஃபைலோகாக்கஸ், 27853 சூடோமோனாஸ் மூன்றையும் கூடவே வையுங்கள். எண்ணெயில் எது எத்தனை சதவீதம் என்று ஜி.சி.எம்.எஸ். எடுங்கள். ஒரே செடி, வேறு மண், வேறு பருவம் என்றால் சரக்கே மாறும். பாரிமுனையில் வாங்கிய பாட்டிலின் லேபிளை நம்பி ஆய்வு எழுத முடியாது. முடிந்தால் மனித செல்களிலும் அதே அளவை விட்டுப் பாருங்கள். கிருமி சாகும் அளவில் நம் செல்லும் சாகிறது என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஒரு பத்திதான் உங்கள் பிராஜெக்டை மற்றவற்றிலிருந்து தனியாக நிறுத்தும்.

ஆன்டிபயாடிக்குக்குப் பழகிவிடும் கிருமி, தாவர எண்ணெய்க்குப் பழகவே பழகாது என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

‘பழகவே’ என்பதை எடுத்துவிட்டால் பாதி உண்மை. பெனிசிலின் கிருமியின் செல்சுவர் கட்டும் வேலையில் ஒரே ஒரு இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடம் மாறினால் மருந்து தோற்றது. எண்ணெய் அப்படி ஒரு புள்ளியில் அடிப்பதில்லை, சவ்வு முழுவதையும் குலைக்கிறது. அதனால் எதிர்ப்பு வருவது மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் நம் செல்லுக்குப் பெனிசிலின் பிடிக்கும் செல்சுவர் கிடையாது, அதனால் அது நம்மைத் தொடாமல் போகிறது. சவ்வு நமக்கும் உண்டு. எதையும் விட்டுவைக்காத அந்தக் குணத்தால்தான் எண்ணெயை மருந்தாக விழுங்கவும் முடியவில்லை.

அப்புறம், எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. சூடோமோனாஸ் என்று ஒன்று இருக்கிறது. தட்டில் பச்சையாகப் படரும், முகர்ந்தால் திராட்சை வாசனை வரும், ஆஸ்பத்திரி சிங்க்கிலும் வென்டிலேட்டர் குழாயிலும் குடியிருக்கும். அதற்கு வெளிப்புறமாக இன்னொரு சவ்வு, உள்ளே வந்ததை அள்ளி வெளியே கொட்டும் பம்புகள் வேறு. டீ ட்ரீ என்ற மரத்தின் எண்ணெயைக்கூட அந்தப் பம்புகள் வெளியே தள்ளும் என்று காட்டியிருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் நம்மைப் படுத்தும் கிருமிகளில் அது முக்கியமான ஒன்று. எண்ணெய்க்கு அதிகம் அசராததும் அதுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் ஆறாத புண். சீழ் கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி வந்தது. டீ ட்ரீ எண்ணெய் எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கொல்லும் என்று படித்தேன். நேரடியாகப் புண்ணில் விடலாமா?
– வாசகர், ராயபுரம்

விடாதீர்கள் ஐயா. சர்க்கரைக்காரர் காலுக்கு உணர்ச்சி குறைவு. எண்ணெய் தோலைப் பொசுக்கினாலும் அப்பாவுக்குத் தெரியாது. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது உங்களுக்குத்தான் தெரியும்.

படித்தது தவறில்லை. டீ ட்ரீ ஆஸ்திரேலிய மரம். தாவர எண்ணெய்களில் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு எதிராக மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிலவற்றில் அது ஒன்று. 2004இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில், உடம்பில் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு சாராருக்கு டீ ட்ரீ கிரீமும் குளியல் திரவமும், இன்னொரு சாராருக்கு வழக்கமான மியூபிரோசின் மூக்குக் களிம்பும் மற்றவையும் கொடுத்தார்கள். எண்ணெய்க் குழுவில் 41 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 49 சதவீதம் பேருக்கும் கிருமி நீங்கியது. மூக்கில் மட்டும் பார்த்தால் மியூபிரோசின் 78, டீ ட்ரீ 47. தோலில் டீ ட்ரீ நன்றாகவே செய்தது. பரவாயில்லையே என்று எனக்கும் அப்போது தோன்றியது. பிறகு வட அயர்லாந்தில் ஐ.சி.யூ. நோயாளிகளை 5 சதவீத டீ ட்ரீ திரவத்தில் துடைத்தும், சாதாரணக் குழந்தை சோப்புத் திரவத்தில் துடைத்தும் ஒப்பிட்டார்கள். புதிதாக எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டுமே தோலின் மேல் சும்மா குடியிருக்கும் கிருமி பற்றிய சோதனைகள். உங்கள் அப்பாவின் புண் அது இல்லை. அதில் சீழ் இருக்கிறது, செத்த தசை இருக்கிறது, அடியில் எலும்பு வரை போயிருக்கலாம். சீழிலும் ரத்தத்திலும் உள்ள புரதமும் கொழுப்பும் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமிக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம். செத்த தசையைச் சுத்தம் செய்வது, காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது, பாதத்தில் எடை விழாமல் செருப்பு மாற்றுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, கல்ச்சர் பார்த்து மருந்து கொடுப்பது – இவைதான் காலைக் காப்பாற்றும். கால் புண்ணுக்கென்றே தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகள் நம் ஊரில் இருக்கின்றன. இந்த வாரமே போங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. நீலகிரித் தைலமும் மூக்கடியில் தடவலாமா?
– வாசகி, வேளச்சேரி

இரண்டும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும். குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். நீலகிரித் தைலமும் அப்படித்தான், வாய்க்குள் சில மில்லி போனாலே ஆபத்து. கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் கலந்து வீட்டு மருந்தாக விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1983லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். நாம் சாமி மாடத்தில் இருந்து எடுத்து எண்ணெயில் போடும் வில்லைக்கு என்ன வரம்பு? அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோபம் என் மேல் இருக்கட்டும். சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, தாய்ப்பால் போதும். மூச்சு இழுத்தால், நெஞ்சு குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் டாக்டர். இன்னொன்று, பெரும்பாலான சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்கும் அதற்கு வேண்டாம்.

ஆங்கில மருத்துவம் படித்தவர்களுக்கு நம் பாட்டி வைத்தியத்தைக் கண்டாலே இளக்காரம். சித்தர்கள் சொல்லாததையா நீங்கள் சொல்லப் போகிறீர்கள்?
– வாசகர், மயிலாப்பூர்

இளக்காரம் இல்லை ஐயா. என் வீட்டு பால்கனியில் கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறது. இருமலுக்கு இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவள்தான் நான். அதன் இலையைக் கசக்கினால் ஓம வாசனை வருவதற்குக் காரணமே, ஓமத்தில் உள்ள தைமாலும் அதன் சகோதரியான கார்வக்ராலும் அதிலும் இருப்பதுதான். மலேரியாவுக்கு இன்று கொடுக்கும் ஆர்ட்டிமிசினின், சீனப் பழைய மருத்துவ நூலைப் புரட்டி விஞ்ஞானி து யூயூ கண்டெடுத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். செடியில் மருந்து இல்லை என்று எந்த முட்டாளும் சொல்ல மாட்டான்.

ஆனால் பாட்டி கொடுத்தது கஷாயம். வீடியோவில் காட்டுவது காய்ச்சி வடித்த எண்ணெய். ஓம விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் வேண்டுமென்றால் குறைந்தது 100 கிராம் ஓமத்தைக் காய்ச்ச வேண்டும். எந்தப் பாட்டி பேரனுக்கு 100 கிராம் ஓமத்தை ஒரே வேளையில் கொடுத்தாள்? சித்த மருத்துவம் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்துச் சொல்வார். என் சண்டை அவர்களோடு இல்லை. ஆன்லைனில் பத்து மில்லி பாட்டில் விற்பதற்காகக் கல்ச்சர் தட்டைக் காட்டுகிறவர்களோடு.

இந்த அடங்காத கிருமி விஷயத்தில் சென்னை பெயர் அடிக்கடி அடிபடுகிறதே, நாம் என்ன பாவம் செய்தோம்?
– வாசகர், தாம்பரம்

பாவமும் உண்டு, புண்ணியமும் உண்டு. மெரோபெனம் மாதிரி கடைசி வரிசை மருந்தையே உடைக்கும் என்.டி.எம். 1 என்சைம் பற்றி 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அதில் சென்னையில் கிடைத்த கிருமிகள் மட்டும் 44. என்.டி.எம்.மில் உள்ள ‘என்.டி.’ புது டெல்லி. அந்தப் பெயரை வைத்ததற்கு நாடாளுமன்றம் வரை கோபப்பட்டார்கள். ஆனால் 2012 ஆகஸ்டில் டாக்டர்கள் கூடி, இதற்கு நாடு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதியதும் இங்கேதான். அதற்குச் சென்னை பிரகடனம் என்றே பெயர். 2014 மார்ச் முதல் அமலில் இருக்கும் ஹெச் 1 விதிப்படி, பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்கை விற்கும் மருந்துக் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் தெருமுனைக் கடையில் அந்த நோட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய்?
– வாசகி, குரோம்பேட்டை

பஞ்சில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும், ஈறில் படாமல். வலி மரத்துப் போகும், சொத்தை போகாது. அதில் உள்ள யூஜெனாலைப் பல் டாக்டர்களே துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், குடித்தால் கல்லீரல் போகும்.

என் மகள் முகப்பருவுக்கு டீ ட்ரீ எண்ணெய் தடவுகிறாள். அதுவாவது சரியா? பாட்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது.
– வாசகி, அண்ணா நகர்

முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல் உதவும். வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்ட 1990ஆம் ஆண்டு ஆய்வில் எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாகக் கொடுத்தது. எண்ணெயை அப்படியே தடவக் கூடாது. மூன்று வருடப் பாட்டில் மட்டும் வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய்தான் அலர்ஜியைக் கிளப்பும். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றால் குப்பைக் கூடை கழுவும் தண்ணீரில் விடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.